ஓடுகிற மாதிரி ஒரு படம்

அக்காவின் காரை அவளுடைய ஆபீஸ் பேஸ்மென்ட்டிலிருந்து எடுத்து வரப் போனது நான்தான். அடக்கம் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. மாமாவால் அந்தக் கட்டடத்துக்குள் திரும்ப நுழைய முடியவில்லை. அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். "நீ போய் எடுத்துட்டு வந்துடறியாம்மா?" என்று சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அக்கா அந்த ஆபீஸ் கேன்டீனில்தான் விழுந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போனவள், அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டாளாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவே இல்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

பேஸ்மென்ட்டில் கார் அவள் விட்ட இடத்திலேயே நின்றது. சின்ன நீலக் கார். மேலே லேசாகத் தூசி. கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அக்கா குள்ளம். சீட்டை ஸ்டீயரிங்கோடு ஒட்டினாற்போல இழுத்து வைத்திருந்தாள். நான் அவளைவிட நல்ல உயரம். முழங்கால் இரண்டும் முட்டிக்கொண்டன. அப்படியே தொம்மலூர் வரைக்கும் ஓட்டி வந்தேன். தூறல் விழுந்ததால் பழைய ஏர்போர்ட் ரோடு முழுக்க வண்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முழங்கால் இடித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கன்றிப்போயிருந்தது. அவள் வைத்த சீட்டை மாற்ற மனம் வரவில்லையாக்கும் என்று மாமா நினைத்துக்கொண்டார். அதெல்லாம் இல்லை. சீட்டைப் பின்னால் தள்ளலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாதங்களில் நான் அப்படித்தான் இருந்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் உதட்டை நாமே தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி. சாப்பிட்டேன், தூங்கினேன், போன் எடுத்துப் பேசினேன். ஓசூர் ரோடு கல்லறையில் பெட்டியை இறக்கும்போது, வெயில் மேலே ஏறுகிறது, இனி நிழல் கடுமையாக விழும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சபையிலிருந்து வந்த பாஸ்டரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடும்மா, உள்ளயே வெச்சுக்காத" என்றார். சரி என்று தலையாட்டினேன். என்னவோ நான் செய்ய மறந்துவிட்ட வேலையை நினைவுபடுத்துகிற மாதிரி இருந்தது.

என் தொழில் கார்களைப் படம் எடுப்பது. விளம்பரங்களுக்கும் ஷோரூம்களுக்கும் எடுப்பேன். அதிலும் ஓடுகிற கார்களை எடுப்பதுதான் எனக்குப் பிழைப்பு. ஓடுகிற காரை இன்னொரு காரில் தொங்கிக்கொண்டு எடுக்கலாம். அதைவிடச் சுத்தமான வழி, கேமராவை அந்தக் காரிலேயே கட்டிவிடுவது. நீளமான ஒரு குழாய், துண்டு துண்டாகத் திருகிச் சேர்ப்பது. அதன் ஒரு முனையை பானட் மேலோ கூரை மேலோ சக்‌ஷன் கப் வைத்துப் பிடிக்க வைப்போம். கண்ணாடிக் கடையில் பெரிய கண்ணாடியைத் தூக்குவதற்கு வைத்திருப்பார்களே, அதே ரப்பர் கிண்ணம்தான். மறு முனையில், காரை விட்டுத் தள்ளி, தரைக்குக் கொஞ்சம் மேலே கேமரா தொங்கும்.

கார் நகர்ந்தால் கேமராவும் கூடவே நகரும். அதனால் படத்தில் கார் அசையாமல் துல்லியமாக இருக்கும். ரோடு, மரம், மேகம் எல்லாம் கோடு கோடாக இழுபட்டுப் போகும். பார்க்கிறவர்களுக்கு வண்டி பறக்கிறது என்று தோன்றும். உண்மையில் அப்போது இஞ்சின்கூட ஓடாது. ஓடினால் அதன் அதிர்வில் படம் கலங்கிவிடும். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, பின்னாலிருந்து தள்ளுவோம். கேமரா தன் கண்ணை மெதுவாகத் திறந்து மெதுவாக மூடும். அதற்குள் வண்டி சில அடிகள் போயிருக்கும், அவ்வளவுதான். மலைப்பாதையில் சீறிப் பாய்கிற மாதிரி நீங்கள் பார்க்கிற கார் படங்களில் பாதி, கோழி நடக்கிற வேகத்தில் எடுத்தவை. குழாயைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடுவோம்.

அக்காவின் கார் தொம்மலூரில் அவர்கள் குடியிருந்த ஃபிளாட்டின் கீழே நின்றுகொண்டிருந்தது. மாமா எப்போதும் பைக்தான். அவருக்கு ஊர் குடியாத்தம். வேலைக்காக பெங்களூர் வந்து, அக்காவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கியவர். ஒரு நாள் மாலை ஜோகுபாளையத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவும் நானும் அங்கேதான் இருக்கிறோம். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பத்தோடு இங்கே வந்து, இந்த வீட்டில்தான் காலமானார்.

அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தாள். மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அத்தை, வண்டிய குடுத்துடலாம்னு பாக்கறேன். நான் சென்னைக்கு மாத்தல் கேட்டிருக்கேன். கெடச்சிடும்போல."

"குடுத்துடுங்க தம்பி. நின்னுட்டே இருந்தா எலி ஒயர கடிச்சிடும்."

அம்மா அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நிறைய நியாயங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருப்பார் போல. அவை வெளியே வர வழியில்லாமல், காபியைக் குடித்தார். அம்மா பிதுக்கிய பருப்பைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ ஊருல இருக்கற கார எல்லாம் ஓடற மாதிரி ஃபோட்டோ புடிக்கற இல்ல. குடுக்கறதுக்கு முன்னாடி இத ஒண்ணு புடிச்சிக் குடு."

"அந்தக் கார் படம் நெறைய இருக்கும்மா. அக்கா போன்லயே—"

"அது நிக்கற ஃபோட்டோ. நான் கேக்கறது ஓடறது."

அப்புறம் அவளே காரணத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா அவளைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போவாள். எங்கள் சந்துக்குள் கார் வராது. முனையில் நிறுத்திவிட்டு போன் போடுவாள், அம்மா நடந்துபோய் ஏறிக்கொள்வாள். திரும்பக் கொண்டுவந்து விடும்போதும் அதே முனைதான்.

"எறக்கி விட்டுட்டு, நான் சந்து திரும்பற வரைக்கும் அவ வண்டிய எடுக்க மாட்டா. நீ கெளம்புடின்னு கைய காட்டுவேன். நீ போம்மான்னு அவ கைய காட்டுவா. எனக்குக் கால் வலி, எவ்ளோ நேரம் நிக்கறது? நான் உள்ள போயிடுவேன். ஒரு நாளுகூட அது போறத நான் பாத்ததே இல்ல."

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் அம்மாவிடம், "முன்னாடியிலேர்ந்து எடுக்கவா, சைட்லேர்ந்தா?" என்று கேட்டேன். கம்பெனிக்காரர்களிடம் கேட்கிற அதே குரல். எனக்கே கேட்டது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"போறது தெரியணும். அவ்ளோதான்."

அடுத்த ஞாயிறு காலையில் அம்மா சர்ச்சுக்குப் போகவில்லை. மாமா ஓட்டினார். அம்மா முன் சீட்டில், அவள் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். சர்ச்சுக்குக் கட்டுகிற மெரூன் பட்டுப் புடவையைத்தான் கட்டியிருந்தாள். நான் பின்னால் குழாய்ப் பைகளோடு. தேவனஹள்ளி தாண்டி, கம்பெனிகள் வரும் என்று அகலமாக ரோடு போட்டு வைத்து, கம்பெனிகள் இன்னும் வராத இடம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் புல், தூரத்தில் யூகலிப்டஸ் வரிசை, நந்தி மலை. எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ரோடு. வழக்கமாக என்னோடு இரண்டு உதவியாளர்கள் வருவார்கள். அன்று அவர்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யார் கார் என்று சொல்ல வேண்டும்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, அம்மாவுக்கு மடக்கு நாற்காலியைப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். சக்‌ஷன் கப் வைக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு மணல் துகள் இருந்தாலும் காற்று உள்ளே போய்ப் பிடி விட்டுவிடும். ஈரத்துணியால் துடைத்தேன். காய்ந்த துணியால் மறுபடி துடைத்தேன். கையெல்லாம் தானாகவே வேலை செய்தது. முன் சக்கரத்துக்கு மேலே கப்பை வைக்கப் போனபோது மாமா, "அங்க வேணாம்மா" என்றார்.

"ஏன் மாமா?"

"பட்டி பாத்து பெயிண்ட் அடிச்ச எடம். புடிக்குமோ என்னமோ. பார்க்கிங் தூண்ல கொண்டுபோய் இடிச்சிட்டா. என்கிட்ட ரொம்ப நாள் சொல்லவே இல்ல. அவளே போய் ரெடி பண்ணிட்டு வந்துட்டா. கலர் லேசா வித்தியாசமா இருக்குதேன்னு கேட்டப்பத்தான் மாட்டிக்கிட்டா."

அந்த இடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடத்தில் தகரச் சத்தம் வந்தது, அங்கே மந்தமாக இருந்தது. பெயிண்ட் பெயர்ந்து வந்துவிடும் அபாயம் உண்டு. கப்புகளை பானட்டின் அடுத்த பக்கத்துக்கு மாற்றினேன்; குழாய் குறுக்கே வந்து, கேமரா இந்தப் பக்கம்தான் தொங்கும். எனக்கும் அக்கா சொன்னதில்லை. அவள் எதையாவது இடித்தால் முதலில் எனக்குத்தான் போன் செய்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி வருத்தப்படலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு கப்பின் பம்பை அழுத்த ஆரம்பித்தேன்.

"பெயிண்ட் போயிடாதாடி?" என்றாள் அம்மா.

"போகாதும்மா."

குழாயைத் திருகி, கேமராவை மாட்டி, விழுந்தாலும் தரையில் மோதாதபடி ஒரு பெல்ட்டையும் போட்டுக் கட்டினேன். அதற்குள் தூரத்தில் ஒரு கேட்டருகே இருந்த செக்யூரிட்டி சைக்கிளில் வந்துவிட்டார். நரைத்த மீசை, சட்டைக்கு மேலே ஸ்வெட்டர்.

"ஏன் மாட்தா இதீரா இல்லி? பர்மிஷன் இதியா?"

என்ன செய்கிறீர்கள், அனுமதி இருக்கிறதா என்று கேட்கிறார். பொதுவாக இந்த மாதிரி இடத்தில் பேச நான் ஒரு பேச்சுத் தயாராக வைத்திருப்பேன். அன்று அதற்கு வேலை வரவில்லை. அம்மா நாற்காலியிலிருந்தே பதில் சொன்னாள். தங்கவயலில் பிறந்தவள், கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"நம் மகள் காரு அண்ணா. ஒந்து ஃபோட்டோ அஷ்டே."

என் மகள் கார், ஒரே ஒரு படம், அவ்வளவுதான். அவர் என்னைப் பார்த்தார்.

"ஈ மகளா?"

"இவளு சிக்கவளு. காரு தொட்டவளது."

இவள் சின்னவள், கார் பெரியவளுடையது.

"அவரு எல்லி?"

அவர் எங்கே என்று கேட்கிறார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பந்தில்ல," என்றாள். வரவில்லை.

மாமா காருக்கு உள்ளே இருந்தார். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. செக்யூரிட்டி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, நான் காரின் பின்னால் ஒற்றை ஆளாகத் தள்ளத் தயாராவதைப் பார்த்து, பக்கத்தில் வந்து இரண்டு கையையும் டிக்கியில் வைத்தார்.

தள்ளினோம். மாமா ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். ஒரு கையில் ரிமோட்டை வைத்து அழுத்தினேன். கொஞ்ச தூரம் தள்ளுவோம், நிறுத்துவோம், பின்னால் இழுப்போம், மறுபடி தள்ளுவோம். ரோட்டின் மறு ஓரத்திலிருந்து அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தாள்.

"வண்டிக்கு இன்னா ஆச்சு? ஏன் தள்றீங்க?"

"ஒண்ணும் ஆகலம்மா. இப்படித்தான் எடுப்பாங்க."

"ஓடற மாதிரி எடுக்கச் சொன்னேன்."

"ஓடற மாதிரிதான் வரும். இரு, காட்டறேன்."

லேப்டாப்பை டிக்கிமேல் வைத்துப் படத்தைத் திறந்தேன். நன்றாகவே வந்திருந்தது. குழாய் குறுக்கே தெரிந்தாலும், அதற்குப் பின்னால் நீலக் கார் அப்படியே நிற்க, ரோடு முழுக்கப் பால் ஊற்றின மாதிரி இழுபட்டிருந்தது. புல் பச்சைக் கோடாகியிருந்தது. சக்கரங்கள் வெறும் வட்டமாகச் சுழன்றன. கம்பெனிக்காரர்கள் பார்த்தால் கை தட்டுகிற படம். செக்யூரிட்டிகூட எட்டிப் பார்த்து, "அப்பப்பா" என்றார்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இது அவ இல்ல," என்றாள்.

"உள்ள மாமாதானம்மா இருக்காரு."

"அத சொல்லல. அவ இவ்ளோ வேகமா ஓட்ட மாட்டா."

மாமா கீழே இறங்கி வந்திருந்தார். படத்தைப் பார்த்தார். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அத்தை சொல்றது கரெக்ட். மூணாவது கியர தாண்டவே மாட்டா. ஏர்போர்ட் ரோடு காலியா கெடந்தாக்கூட மூணுதான். நாலு போடுடின்னா, இஞ்சினுக்கு எதுக்கு சிரமம்பா."

"பின்னாடி ஆரன் அடிப்பானுங்க," என்றாள் அம்மா. "அடிச்சிட்டுப் போகட்டும்மான்னு ஒரு பாட்ட போட்டுட்டு அவ பாட்டுக்குப் போவா."

"சிக்னல் பச்சை விழுந்ததும் ஒரு தடவ ரெண்டு பக்கமும் பாப்பா பாருங்க, அதுக்குள்ள மறுபடி செகப்பு விழுந்துடும்."

இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். இத்தனை மாதங்களில் அவளைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார், ஆபீஸில் கொஞ்சம் முன்னாடி கவனித்திருந்தால் என்பதுதான். அவள் வண்டி ஓட்டுகிற விதத்தை யாரும் பேசியதில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் சொல்ல ஒன்றிரண்டு இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது, "அப்ப ஷட்டர கம்மி பண்ணணும்" என்பதுதான்.

இந்தத் தொழிலில் எல்லோரும் இன்னும் வேகம், இன்னும் வேகம் என்றுதான் கேட்பார்கள். வேகத்தைக் குறை என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் என் அம்மாதான். எவ்வளவு குறைப்பது என்று எனக்கும் தெரியாது. கேமராவின் கண் திறந்திருக்கிற நேரத்தைக் குறைத்தேன். லென்ஸ்மேல் மாட்டியிருந்த கறுப்பு வடிகட்டியைக் கழற்றி அதைவிட மெல்லியதாக ஒன்றை மாட்டினேன். மறுபடி தள்ளினோம். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இன்னும் மெதுவா."

மறுபடி குறைத்தேன். மறுபடி தள்ளினோம். செக்யூரிட்டி ஸ்வெட்டரைக் கழற்றிச் சைக்கிள்மேல் போட்டார். இந்தத் தடவை சக்கரத்தின் கம்பிகள் அடையாளம் தெரிந்தன. ரோட்டின் கோடுகள் நீண்டுபோகாமல் கொஞ்சமாக வழிந்திருந்தன. யூகலிப்டஸ் மரங்கள் மரங்களாகவே இருந்தன, விளிம்பு மட்டும் கலைந்து. என் பார்வையில் அது தோற்றுப்போன படம். ஓடுகிறதா நிற்கிறதா என்று தீர்மானமில்லாத படம் என்று என் உதவியாளர்களைத் திட்டுவேன்.

அம்மா பார்த்தாள். திரையை விரலால் தொட்டாள், ஓட்டுநர் சீட் இருக்கிற இடத்தில். "ம்," என்றாள். அப்புறம், "போதும், அதெல்லாம் கழட்டிடு" என்றாள்.

குழாயையும் கப்புகளையும் கழற்றினேன். பானட்டில் வட்ட வட்டமாகத் தடம் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா மாமாவிடம் போனாள்.

"தம்பி, நீங்க ஒரு வாட்டி ஓட்டிக்கிட்டுப் போங்க. நெசமா. அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வாங்க. நான் இங்க நின்னு பாக்கறேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் ஏறினார். சாவியைத் திருப்பினார். அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்த வண்டி திடீரென்று சத்தம் போட்டதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மெதுவாகக் கிளம்பினார். முதல் கியர், இரண்டு, மூன்று. அதற்கு மேல் போடவில்லை, சத்தத்திலேயே தெரிந்தது. வண்டி ரோட்டில் நேராகப் போய்ச் சின்னதாகிக்கொண்டே போனது. வெயில் பின் கண்ணாடியில் ஒரு முறை அடித்தது.

அம்மா ரோட்டின் நடுவில் போய் நின்றுகொண்டாள். கையைக் காட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. ஒரு கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு பார்த்தாள். கோடியில், எதிரே ஒரு வண்டியும் இல்லாத இடத்தில், மாமா இன்டிகேட்டர் போட்டார். ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. வண்டி வளைவில் திரும்பி மறைந்தது.

"போயிட்டா," என்றாள் அம்மா.

என் கழுத்தில் இன்னொரு கேமரா தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை போகவில்லை. செக்யூரிட்டி இப்போது அம்மாவையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, சைக்கிள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா குடித்தாள்.

மாமா உடனே திரும்பி வரவில்லை. நாற்காலியை மடக்கி, பைகளைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெயில் ஏறிவிட்டது. போன் செய்யலாமா என்று நினைத்தபோது அம்மா, "வரட்டும், அவசரப்படுத்தாத" என்றாள். அவர் வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. முகம் கழுவியிருந்தார், சட்டைக் காலர் நனைந்திருந்தது. வழியில் தேவனஹள்ளியில் ஓட்டலில் நிறுத்தினோம். மாமா இரண்டு தட்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டார். பல நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி சாப்பிட்டார். அம்மா தன் வடையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அவர்களுக்கு ஏதோ ஒன்று நடந்திருந்தது. நான் கூடவே இருந்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன், ஆனாலும் எனக்கு அது நடக்கவில்லை.

அந்த வாரம் படத்தை வேலை செய்ய உட்கார்ந்தேன். முதலில் குழாய். பிறகு அதன் நிழல், பிறகு பானட் பெயிண்டில் விழுந்த அதன் பிரதிபலிப்பு. பழக்கம் காரணமாகப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணில் பட்ட அழுக்கையெல்லாம் துடைத்துக்கொண்டே போனேன். கதவுக் கைப்பிடிக்குக் கீழே நகக் கீறல்கள் இருந்தன, எல்லாக் காரிலும் இருப்பதுதான். அழித்துவிட்டேன். முன் சக்கரத்துக்கு மேலே நிறம் லேசாக மாறியிருந்த இடம் வந்தது. அதையும் சமன் செய்யக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். முன்னே அழித்த கீறல்களையும் மீட்டு வைத்தேன்.

அதன் பிறகுதான் கதவைப் பார்த்தேன். நீலப் பெயிண்டில் ஏதோ ஒரு கறை மாதிரி, மெரூன் நிறத்தில் நீளவாக்கில் ஒன்று. இன்னும் பெரிதாக்கினேன். அம்மா. ரோட்டோரத்தில் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வளைந்த தகரத்தில் அவள் உருவம் ஒல்லியாக நீண்டு விழுந்திருந்தது. முதலில் எடுத்த வேகமான படத்தைத் திறந்து பார்த்தேன். அதில் அவள் வெறும் சிவப்புக் கோடு, ஆள் என்றே தெரியவில்லை. வேகத்தைக் குறைத்த படத்தில்தான் தலையும் தோளும் நெற்றிக்கு மேலே வைத்த கையும் தெரிந்தன. காரில் மனிதர்களின் பிரதிபலிப்பு விழக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். விழுந்தால் அழித்துவிட வேண்டும். அழிக்காமல் பிரிண்ட் போட்டேன்.

அம்மாவிடம் கொடுத்தபோது அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"இது யாருடி கதவு மேல?"

"நீதான்."

"அழிச்சிடு. கார்தான் வேணும். நான் எதுக்கு?"

"இருக்கட்டும்மா."

அவள் வற்புறுத்தவில்லை. ஃபிரேம் போடவா என்றேன், வேண்டாம் என்றாள். ஹாலில் அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவாள் என்று நினைத்திருந்தேன். பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள். எப்போதாவது எடுத்துப் பார்க்கிறாளா என்று தெரியாது. மாமா ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ கார்களை எத்தனையோ வேகத்தில் எடுத்துவிட்டேன். அந்தப் படத்தை யாரிடமும் காட்டியதில்லை.

காரை வாங்கியவர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிற ஒரு டீச்சர். தனியாக இருப்பவர். வண்டியை விட்டுவிட்டு வர மாமாவோடு அம்மாவும் நானும் போனோம். பழைய பங்களா, முன்னால் பெரிய மாமரம். டீச்சர் எங்களை உள்ளே உட்காரச் சொன்னார். அம்மா வேண்டாம் என்று வெளியிலேயே நின்றாள். மாமா கடைசியாக ஒரு முறை காருக்குள் துழாவினார். டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து ஒரு குடை, இரண்டு மூன்று கிளிப்புகள், பாதி தீர்ந்த இஞ்சி மிட்டாய்ப் பாக்கெட் ஒன்று வந்தன.

"இது எனக்கு வாங்கி வெச்சது," என்றாள் அம்மா. "கார்ல போனா எனக்கு வாந்தி வர மாதிரி இருக்கும்னு."

குடையை நான் வாங்கிக்கொண்டேன். அம்மா பாக்கெட்டைப் பிரித்து, மாமாவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று கொடுத்துவிட்டு, தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். டீச்சர் காரை ஸ்டார்ட் செய்து, தயங்கித் தயங்கி கேட்டுக்குள் ஏற்றினார். ஒரு தடவை இஞ்சின் நின்றுபோய் மறுபடி கிளப்பினார். மாமா கையைக் காட்டி, வாங்க வாங்க என்று வழி சொன்னார். மிட்டாய் பழசாகிப் பேப்பரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இனிப்பு எனக்குத் தெரியவில்லை. காரம் மட்டும் நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. மூன்று பேர் வாயிலும் மிட்டாய் இருந்ததால் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. பிறகு முனைக்கு நடந்துபோய் ஆட்டோ பிடித்தோம்.